ஹேவாஹெட்டப் பானைகளின் வயது

கண்டிக்கு அருகே திகனவில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்குக் கீழே ஒரு மின்சாமான் கடை. வந்த முதல் வாரம் இறங்கிப்போய் ஒரு சிவப்பு பல்ப் கேட்டேன். கடைக்காரரை எல்லோரும் நானா என்கிறார்கள்; இங்குள்ள முஸ்லிம்களின் தமிழில் அண்ணன் என்று பொருள். அவர் ஏணியில் ஏறி ஒரு பெட்டியை எடுத்து, தூசி தட்டிக்கொண்டே கேட்டார்.

"சாமி ரூமுக்கா மகள்?"

"இல்லைங்க, வேலைக்கு. இருட்டு அறையில போடணும்."

"போட்டோ கழுவவா? அதெல்லாம் இப்ப யாரு செய்ற?"

"மண்ணுக்கும் பானைக்கும் வயசு பாக்கறதுங்க."

நானா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பல்பைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் "மண்ணுக்கு வயசு பாக்குற இந்தியா மிஸ்" என்றுதான் என்னைக் காட்டுகிறார்.

என்ன வேலை அது என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கும், என்னைப்போல் வேலைக்காகக் கடல் தாண்டியவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் படித்தது குவாண்டம் இயற்பியல். களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் சுற்றுப்புறத்திலிருந்து வரும் மெல்லிய கதிர்வீச்சை ஓயாமல் வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் கிளம்பும் எலெக்ட்ரான்களில் சில, படிகத்தின் குறைகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பானையைச் சூளையில் சுடும்போது சிக்கியவை எல்லாம் விடுபட்டுவிடும். பானை மண்ணுக்குள் போனபின் மறுபடி சேரத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் அந்த மணல்மீது ஒளி பாய்ச்சினால், சேர்ந்தவை விடுபட்டு மங்கலாக ஒளிரும். அந்த ஒளிர்வை அளந்து, பானை கடைசியாக நன்றாகச் சூடேறியது எப்போது என்று கணக்கிடலாம். வெயில் பட்டால் கணக்கு கெட்டுவிடும். அதனால்தான் இருட்டும் சிவப்பு பல்பும்.

கண்டியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம். முதல் நாளே தொழில்நுட்ப அலுவலர் தர்சினி என்னிடம் வந்து, "டொக்டர் வீரக்கோன் உங்களோடை கதைக்க வேணுமாம்" என்றார். தர்சினி யாழ்ப்பாணத்துக்காரர்; கதைப்பது என்றால் அங்கே பேசுவது என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊரில் கதை விடுகிறாள் என்றால் பொய் சொல்கிறாள் என்று அர்த்தம். நான் விண்ணப்பத்தில் ஏதோ பொய் எழுதிவிட்டதாக அவர் நினைக்கிறாரோ என்று பயந்துகொண்டே போனேன். வீரக்கோன் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பயணம் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அவர் தொல்லியலாளர், ஓய்வுபெற மூன்று வருடங்கள் இருந்தன. பழங்காலத்தில் தமிழகக் கரையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு வந்த சரக்கு, மாட்டுப் பொதிகளில் இந்த மலைவரைக்கும் ஏறியிருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. அதைப் பற்றிய புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் எழுதாமல் வைத்திருந்தார். மலையில் ஒரு சான்று கிடைக்க வேண்டும் என்று காத்திருந்தார்.

விண்ணப்பத்தில் நான் பொய் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவில்லை. என் அப்பா பிறந்தது ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பதினொரு வயதில் பெற்றோரோடு கப்பலேறி, கடைசியில் கோத்தகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவர். அங்கே எங்கள் தெருவுக்கு சிலோன் காலனி என்று பெயர். நான் அந்த மண்ணிலேயே பிறந்தும் பள்ளிக்கூடத்தில் சிலோன்காரப் பெண்ணாகத்தான் இருந்தேன். படித்து, வேலை கிடைத்து இங்கே வந்தபோது இந்தியா மிஸ் ஆகிவிட்டேன். அதைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. சம்பளத்துக்கு வந்த இடத்தில் உறவு கொண்டாடுவதற்குக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் என்னைச் சிலோன்காரி என்று சொல்லாமல் இருந்தது நிம்மதியாகவும் இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வீரக்கோன் என்னையும் தர்சினியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஹேவாஹெட்டவில் ஒரு தோட்டத்தில், லயத்தில் இருந்த இருபது குடும்பங்களுக்குத் தனி வீடு கட்ட நிலத்தைச் சமப்படுத்தியபோது, இயந்திரம் ஒரு பானைக் குவியலைப் புரட்டிப்போட்டிருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். வீரக்கோன் ஒரு துண்டை எடுத்து, உடைந்த ஓரத்தை லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். "இது இந்த மலையின் களிமண் இல்லை. கடல் தாண்டி வந்த பானை" என்றார். உடனே இன்னொரு துண்டைத் தேடிக் குனிந்தார். நான் துண்டுகளை விட்டுவிட்டு மேலேயிருந்த லயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் பெயர்ப்பலகையைப் பார்த்திருந்தேன். அது அப்பாவின் தோட்டம்.

சரிவின் மேலே இருபது பேர்போல நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும்; கழுத்தில் சிலுவை; கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கவில்லை. பெயர் ஆரோக்கியமேரி என்றும் வீட்டுத்திட்டக் கமிட்டிக்குத் தலைவி தான்தான் என்றும் சொன்னார்.

"மிஸ், நீங்க தமிழ்தானே. இது ரொம்பப் பழசுன்னா எடத்த வேலி போட்டு அடைச்சிருவாங்களாமே?"

"அப்படி நடக்கலாங்க. இன்னும் எதுவும் தெரியாது."

"வேற எடம் இல்லன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு. இந்த எடத்துக்கே நாங்க எத்தன வருசம் அலைஞ்சோம் தெரியுங்களா." பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார். "மிஸ்ஸுக்கு இந்தியாவுல எந்தப் பக்கம்?"

"கோத்தகிரி."

"எங்க ஆளுங்ககூட அந்தப் பக்கந்தான் போனாங்க. போனவங்க ஒரு காயிதமும் போடல்ல."

நான் மாதிரிக் குழாய்களைக் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டே இருந்தேன். அப்பாவும் அப்படிப் போனவர்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது என்று தெரிந்தும் சொல்லவில்லை.

மாதிரிகளைக் கழுவி, அமிலத்தில் இட்டு, குவார்ட்ஸைப் பிரித்தெடுத்து அளந்து முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. ஒளிர்வு மிகவும் குறைவாக இருந்தது. இரண்டாயிரம் வருடம் மண்ணில் கிடந்த பானை திரையில் நெடிய கோடாக எழும்பும். இவை தரையைவிட்டுக் கொஞ்சம் தலைதூக்கியதோடு சரி. கணக்குப் போட்டேன். இருநூறு வருடம்கூட ஆகவில்லை. காப்பித் தோட்டங்கள் போடுவதற்காகத் தமிழகத்திலிருந்து ஆட்களை இறக்கிய காலம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து இந்த மலைக்கு வந்தவர்கள் தலையில் சுமந்து வந்த சோற்றுப் பானைகள். வீரக்கோன் சொன்னதில் தவறில்லை. அவை கடல் தாண்டி வந்தவைதான். ஆனால் சரக்காக வரவில்லை. அந்தக் காலத்து வியாபாரத்தில் கொண்டுவரப்பட்ட சரக்கு, பானையைச் சுமந்த ஆட்கள்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீடு கட்டலாம் என்று நினைத்தேன். அடுத்த கணமே அந்தச் சந்தோஷம் என்னைப் பயமுறுத்தியது. அளவீடுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று நாங்கள்தான் முடிவு செய்கிறோம். நான் ஐந்து அளவீடுகளைச் சரியில்லை என்று தள்ளியிருந்தேன். காரணம் எழுதித்தான் தள்ளினேன். ஆனாலும் அவை ஐந்துமே அதிக வயது காட்டியவை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குப் போன் செய்தேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்க போனியா?" என்றார்.

"வேலையா போனேன்பா. நம்ம ஊர் அதுதான்னு யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

அப்பா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நான் ஒளிஞ்சிக்கிட்டு அங்கேருந்து வரலம்மா. அனுப்பி வெச்சாங்க, வந்தோம். இதுல மறைக்க என்ன இருக்கு" என்றார்.

சாப்பாட்டை முடிக்காமல் வீரக்கோனின் அறைக்குப் போனேன். முடிவைச் சொன்னேன். தள்ளிய ஐந்தைக் காட்டினேன். பிறகு, என் அப்பா அந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருடைய அத்தியாயம் அந்த நிமிடத்தில் போய்விட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

"இதை இடத்துக்குப் போன அன்றே சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

"ஆமாம் சேர்."

"சொல்லியிருந்தால் மாதிரிகளை உங்களிடம் கொடுத்திருக்க மாட்டேன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "இப்போது சொன்னதற்கு நன்றி" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மீதியிருந்த துண்டுகளுக்கு வெறும் எண்கள் மட்டும் இட்டு, வேறு இரண்டு இடத்துத் துண்டுகளோடு கலந்து தர்சினியிடம் கொடுத்தார் வீரக்கோன். எது எந்த இடத்தது என்று தர்சினிக்குத் தெரியாது. முடியும்வரை நான் இருட்டறைப் பக்கம் போகக் கூடாது. அந்த வாரங்களில் ஆரோக்கியமேரி இரண்டு தடவை போன் செய்தார். "இன்னும் ஆகலியா மிஸ்? மழைக்கு முந்தி அத்திவாரம் போட்டாத்தான் உண்டு." இன்னும் ஆகவில்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஏற்கெனவே ஒரு முடிவு வந்திருக்கிறது, என்னால்தான் அதைத் திருப்பிச் செய்கிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கூச்சத்துக்காக இருபது குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் காலை தர்சினி என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். "இளசுதான். நீங்கள் சொன்ன வயதுதான் எனக்கும் வந்தது." போகத் திரும்பியவர் நின்று, "நீங்கள் தள்ளின அஞ்சையும் பார்த்தனான். நானும் தள்ளியிருப்பன்" என்றார்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மூவரும் தோட்டத்துக்குப் போனோம். வேலி வராது, வீடு கட்டலாம் என்று வீரக்கோன் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். சிலர் அழுதார்கள். ஆரோக்கியமேரி அழவில்லை. ஒரு பானைத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது எங்க ஆளுங்க தூக்கிட்டு வந்ததுங்களா?"

"ஆமாங்க. முதல்ல வந்தவங்க."

"பெறகு ஏன் இது பழசு இல்லங்கிறாங்க?"

சட்டத்தில் ஒரு வருடத்தைக் கோடாக வைத்திருக்கிறார்கள், அதற்கு முந்தியதைத்தான் சட்டம் தானாகக் காப்பாற்றும், இவை கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டன என்று விளக்கினேன். "நாங்க வந்ததே கோட்டுக்கு இந்தப் பக்கந்தானே" என்றார். அதை வீரக்கோனுக்கு மொழிபெயர்த்தபோது அவர் தலைகுனிந்து கேட்டார். பிறகு, முழுதாக இருந்த நான்கு பானைகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி அலுமாரி செய்து வைக்கத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். செய்தும் கொடுத்தார். அவருடைய கடைசி அத்தியாயம் இப்போது அந்தப் பானைகளைப் பற்றியது. காப்பிக்காகக் கடல் தாண்டியவர்களைப் பற்றியது. பாதி எழுதியிருக்கிறார். என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

அன்று எல்லோரும் கலைந்தபின் ஆரோக்கியமேரியிடம் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொத நாளே கேட்டேனே மிஸ்" என்றார். அவ்வளவுதான். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அவரக் கூப்பிடுங்க" என்றார்.

அந்தச் சரிவில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையின்மேல். அதில் ஏறி வீடியோவில் அழைத்தேன். அப்பா கோத்தகிரியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றார். இங்கேயும் தேயிலை, அங்கேயும் தேயிலை; இரண்டு பக்கமும் அதே பச்சை.

"அந்தோனியார் கோயில் இருக்குதுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"இருக்குதுண்ணே. கூர மட்டும் மாத்தியாச்சு. அங்க மழைங்களா?"

"லேசா தூறுது. அங்க?"

"இங்கயுந்தான்."

இருவரும் பேசத் தொடங்கினார்கள். யார் எந்த லயத்தில் இருந்தார்கள், யார் செத்துப்போனார்கள் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட அதில் வரவில்லை. பாறையில் ஒரு எட்டு முன்னால் வைத்தால் அப்பாவின் முகம் உறைந்துபோயிற்று. பின்னால் வைத்தால் கீழே நின்ற ஆரோக்கியமேரிக்குக் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு, தூறலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.