டாக்டரம்மா, ஒரு சந்தேகம்

கால்நடை மருத்துவர் வேலையில் ஒரு வசதி உண்டு: நோயாளி எதிர்த்துப் பேசாது. பேச்செல்லாம் கூட வருகிறவர்களுடையது. கொடைக்கானல் மலையில் இந்த வேலை பார்க்கிறேன். ஊசி போட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் "டாக்டரம்மா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். வீட்டில் மாடோ நாயோ வைத்துக்கொண்டு, அது ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரியாமல் விழிக்கிற உங்களுக்கு என் பாடு புரியும். பதில் தெரிந்த கேள்விகள்தான் அதிகம் படுத்தும்.

நின்றபடி தூக்கம்

ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவரும் பாண்டி, முதுகில் புண் என்று தன் குதிரையைக் கூட்டி வந்தார். பேச்சுவாக்கில், "குதிரை நின்னுக்கிட்டேதான தூங்கும், படுக்காதுல்லங்க?" என்றார். நின்றபடி கண்ணயரும், ஆனால் அசந்து தூங்க வேண்டுமென்றால் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு மருந்து தடவினேன்.

திரும்பிப் பார்த்தால், அவர் குதிரையின் கழுத்தைத் தடவியபடி நின்றிருந்தார். அவர் வீட்டுக் கொட்டகை எனக்குத் தெரியும். இரண்டு குதிரைகளை நெருக்கிக் கட்டியிருப்பார், படுக்க இடமிருக்காது.

"அப்ப நம்மகிட்ட வந்ததுல இருந்து இது ஒரு நா கூட நல்லாத் தூங்கலையாம்மா?"

மூக்கில் ரத்தம்

அடுக்கம் கிராமத்தில் செல்லம்மாவின் பசுவுக்கு மூக்கில் ரத்தம் ஒழுகியது. கண்பட்டுவிட்டது என்று சூடம் சுற்றிப் போட்டும் நிற்கவில்லை. நான் வருகிறவரை தண்ணீர் காட்ட வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். போனதும் ஒரு வாளித் தண்ணீரை அதன் மூக்கருகே பிடிக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் மூக்குத் துளையிலிருந்து கறுப்பாக ஒன்று தண்ணீரை நோக்கி நீண்டது. அட்டை! ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது பொடியாக ஏறி, உள்ளேயே இருந்து ரத்தம் குடித்துப் பெருத்திருந்தது. இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்து எடுத்தேன். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

செல்லம்மா மட்டும் தட்டவில்லை. இடுக்கியில் நெளிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் இதே மாதிரி ரத்தம் வந்துச்சுன்னு மூத்த மாட்ட அடிமாட்டுக்கு ஏத்திவிட்டேனேம்மா, அதுக்கும் இதுதான் உள்ள கெடந்திருக்குமோ?"

குரங்கின் கையில்

மலைப்பாதையில் டீக்கடை வைத்திருக்கும் ஜெயா அக்கா ஒருநாள் போன் செய்தார். கரண்ட் கம்பியில் அடிபட்டுச் செத்த குட்டியைத் தாய்க்குரங்கு கீழே விடாமல் தூக்கிக்கொண்டு திரிகிறதாம். நாற்றம் தாங்காமல் டீ குடிக்க வருகிறவர்கள் எழுந்து போகிறார்களாம். நான் போனபோது அது கடைக்கு எதிரே சுவரில் உட்கார்ந்து, காய்ந்துபோன அந்தக் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

டீ குடிக்க வந்த ஒருவர், "செத்தது அதுக்குத் தெரியலையா டாக்டர்?" என்று கேட்டார். சில தாய்க்குரங்குகள் பல நாள் இப்படிச் சுமக்கும், தெரிந்தா தெரியாமலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். குரங்கை விரட்டக் கம்போடு வந்த ஜெயா அக்கா அதைக் கீழே போட்டார். அவருடைய முதல் குழந்தை கடுங்காய்ச்சலில், பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும் பஸ்ஸிலேயே இறந்துபோனது எனக்குத் தெரியும்.

"தெரியாம இல்லைங்க, பெரியகுளத்துல எறங்குற வரைக்கும் நானும் தெரிஞ்சுதான் மடியில வச்சிருந்தேன்."

எலும்பு, நரம்பு, குடல் என்று அத்தனை பாடம் நடத்திய கல்லூரியில், இப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பது எப்படி என்பதற்கு மட்டும் ஏனோ ஒரு வகுப்பு வைக்கவில்லை.