கட்டிலடிச் செருப்பு

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் குனிந்து, கண்ணை மூடி, கட்டுத்துணிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். அதற்குப் பிறகுதான் துணியை வெட்டுவார். எங்கள் எலும்பு வார்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர். எங்களுக்கு அவர் மூக்கண்ணன்.

இங்கே படுத்திருக்கிற பத்துப் பேரும் ஒரே ரகம். எலும்பு முறிந்தது, ஒட்டவில்லை, உள்ளே சீழ் பிடித்துவிட்டது. செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, குறுக்கே கம்பி செருகியிருக்கிறார்கள். என் இடது காலுக்கு இது நாலாவது ஆபரேஷன். இதற்கும் கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். நான் பஸ் ஓட்டுகிறவன். கிளச்சை மிதிக்கிற கால் அது.

மூக்கண்ணனுக்கு வாய் ஓயாது. "என்ன சார், இது காலா, ஆன்டெனாவா?" என்பார். கம்பி நுழைகிற இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி, "எலும்புக்குப் பொறுமை ஜாஸ்தி, நமக்குத்தான் இல்ல" என்பார். எந்தப் புண்ணைத் திறந்தாலும் "ஏ ஒன்!" தான். யார் மனசும் நோகக் கூடாதாம். அதனால் நாங்கள் அவர் வாயைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்போம்.

எல்லோர் கட்டிலடியிலும் ஜோடிச் செருப்பு இருக்கும். ஒன்றுக்குத்தான் வேலை, மற்றது நம்பிக்கைக்கு. மூன்றாம் கட்டில் கொத்தனாரின் கட்டுத்துணியை முகர்ந்த அன்று, "ஏ ஒன்" என்று சொல்லிக்கொண்டே அவருடைய வலது செருப்பைக் கால் நுனியால் சுவரோரம் தள்ளினார். பத்தாம் நாள் அந்த வலது காலை எடுத்தார்கள். தையல்காரருக்கும் அப்படியே நடந்தது. பால்காரர் செருப்பை அவர் தொடவில்லை. அந்த மனுஷன் ஜம்மென்று நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணே, செருப்ப எதுக்குத் தள்றீங்க?"

"செருப்பா? நானா? எப்போ?" என்று திருதிருவென முழித்தார். நடிப்பில்லை, சத்தியமாக அவருக்கே தெரியாது.

இன்று காலை டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். பரிசோதனைக்கு அனுப்பியதில் கிருமியே இல்லையாம். "கால் தப்பிச்சிருச்சுப்பா" என்றார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் போன கையோடு மூக்கண்ணன் வந்தார். குனிந்தார், கண்ணை மூடினார். வழக்கமாக ஒரு மூச்சு. இன்று இரண்டு இழுத்தார்.

"ஏ ஒன் சார்! போய் பஸ்ஸ எடுங்க!"

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்ண்ணே" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவளுக்குச் செருப்பு விஷயம் தெரியாது. மற்ற ஒன்பது கட்டில்காரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய துணியைச் சுருட்டியபடி, மூக்கண்ணன் என் இடது செருப்பைக் கால் நுனியால் தேடிப் பிடித்து, மெல்லச் சுவரோரம் தள்ளினார்.