சம்பந்தி கொண்டுவந்த வைன் போத்தல்

என்ரை வீடு பாரிஸ் லா சப்பலில் மூன்றாம் மாடி. மகள் விரும்பிய பிரெஞ்சுக்காரப் பெடியனும் அவன்ரை தாய் தகப்பனும் முதன்முதல் சாப்பிட வந்தது அங்கேதான். அவையள் அல்சாஸ் பக்கம் பரம்பரையாக வெள்ளை வைன் செய்கிற குடும்பம். தோட்டமும் சொந்தம், நிலவறையும் சொந்தம்.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைப் பகுதி பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழும்பினால் இல்லை. அதனால் விடியவே போய் நண்டும் கணவாயும் வாங்கினேன். உறைப்பைக் குறைத்தேன், ருசியைக் குறைக்கவில்லை. என்ரை சமையலில் குறை சொன்னவர் இன்னும் பிறக்கவில்லை.

தகப்பன் வந்ததும் ஒரு போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். அது அவையளின்ரை தோட்டத்து வைன் என்று மகள் சொன்னாள். கண்ட இடத்தில் வைக்கலாமா? அவையள் பார்க்கவே கூறைச்சீலை இருக்கிற அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து சாப்பாட்டைப் பரிமாறினேன்.

தாய் கொஞ்சம் சாப்பிட்டா. தகப்பன் முள்ளுக்கரண்டியைத் தொடவே இல்லை. தண்ணீரைக் குடித்தார், யன்னலைப் பார்த்தார். சரி, என்ரை பிள்ளை இவருக்குப் போதாதாக்கும் என்று நினைத்தேன். சாப்பிடுங்கோ என்று கெஞ்சவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போனேன்.

மகள் பின்னாலே வந்தாள்.

"அம்மா, அந்தப் போத்தல் எங்கை?"

"அலுமாரிக்குள்ளை, பத்திரமா."

"ஐயோ! சாப்பாட்டோடை குடிக்கத்தானே கொண்டுவந்தவர். நீங்கள் பூட்டி வைச்சதைப் பார்த்திட்டு, தங்களை வேண்டாம் எண்டுறியள் எண்டு நினைக்குது அந்த மனிசன்."

"தந்தவருக்கு முன்னாலை திறக்கிறதே? காணாததைக் கண்ட ஆக்கள் எண்டெல்லோ சொல்லுவினம்!"

"அது எங்கடை ஆக்கள். இவையள் திறக்காட்டித்தான் சொல்லுவினம்."

போய் எடுத்து வந்தேன். போத்தலில் பூச்சியுருண்டை மணம். மனிசன் மணந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், சூடு என்று தலையை ஆட்டினார். பிறகு என்ரை வெறும் சோற்றுப் பானைக்குள் ஐஸும் தண்ணீரும் போட்டு அதை நிறுத்தினார். குளிரும்வரை ஐந்து பேரும் பானையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

எனக்கும் ஒரு கிளாஸ் வார்த்தார். அம்மா குடிக்கமாட்டா என்று மகள் பிரெஞ்சில் தொடங்கினாள்.

"நீ பேசாமல் இரு," என்றேன்.

அவர் என்ரை கறியைச் சாப்பிட வேண்டுமென்றால் நானும் அவரின்ரை வைனை வாயில் வைக்கத்தானே வேண்டும்? என்ரை ஆயுளில் தொட்டதில்லை. ஒரு மிடறு விழுங்கினேன்.

"மாங்காய்த் தோலைச் சப்பினது மாதிரிக் கிடக்கு. அப்பிடியே சொல்லு."

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மனிசன் மேசை ஆடச் சிரித்தார். பிறகு முள்ளுக்கரண்டியை ஒதுக்கிவிட்டு நண்டுக் காலைக் கையாலேயே எடுத்தார். இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

சாப்பாடு முடிய அவரே மகளைக் கொண்டு கேட்பித்தார், கலியாண எழுத்து எப்போது வைக்கலாம் என்று. உடனே பதில் சொல்ல நான் என்ன அவசரக்காரியா?

"நாள் பார்த்துச் சொல்லுறன் எண்டு சொல்லு," என்றேன்.