மகன் கையில் திணித்த அங்பாவ்

காசு வாங்கிக்கொண்டு எழுதுவதில்லை என்பதுதான் என் வலைப்பதிவுக்கு நான் வைத்திருந்த ஒரே சட்டம். சிங்கப்பூர்த் தேக்காவில் எந்தக் கடையைப் பற்றி எழுதினாலும் கடைசி வரியில் "சாப்பிட்டது என் காசில்" என்று போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிருக்குச் சோதனை வைத்தவள் என் பள்ளித் தோழி. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் கொட்டி, தீபாவளிச் சந்தையில் பலகாரக் கடை போட்டிருந்தாள். ருசி பார்த்து எழுதச் சொல்லிக் கூப்பிட்டாள். மகனையும் அழைத்துப் போனேன். முறுக்கு வாயில் போட்டதும் கரைந்தது. அதிரசம்தான், ஐயோ, பல்லைப் பதம் பார்த்துவிட்டது. எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். கிளம்பும்போது மகன் கையில், பண்டிகைக் காசு வைத்துத் தரும் ஊதா நிற அங்பாவ் உறை ஒன்றைத் திணித்தாள்.

"பிள்ளைக்குத் தீபாவளிக் காசு லா. நீ ஒண்ணும் பேசாத."

வீடு திரும்பும் பாசிர் ரிஸ் ரயிலில் அவன் உறையைப் பிரித்தான். "அம்மா, சோ மச்!" என்றான். பிள்ளைகளுக்கு எல்லாரும் வைக்கிற காசு இல்லை அது. பிரியமா, கூலியா? பண்டிகைக்குப் பிள்ளை கையில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அவள் முகத்தில் அடித்த மாதிரி. வைத்துக்கொண்டாலோ என் கடைசி வரி பொய்.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினேன். தோழியிடமிருந்து செய்தி மேல் செய்தி. "போட்டுட்டியா? இந்த வாரம்தான் கூட்டமே, சீக்கிரம் போடுடி."

"அதிரசத்தை விட்டுட்டு முறுக்கை மட்டும் எழுதேன். யாரு கேக்கப் போறா?" என்றார் கணவர்.

"நான் கேப்பேன்!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் சும்மா இருந்திருக்கலாம்.

கடைசியில் எழுதினேன். முறுக்கு அருமை, அதிரசம் கல். அதற்குக் கீழே, "கடைக்காரர் என் தோழி. என் மகனுக்குத் தீபாவளி அங்பாவ் கொடுத்தார்" என்று ஒரு வரி.

படித்த கையோடு அழைத்தாள். "அதிரசம் கல்லுன்னு எழுதினியே, அதுகூடப் பரவால்ல. உன் பிள்ளைக்கு ஆசையா கொடுத்ததை ஊர் பூரா லஞ்சம்னு சொல்லிட்டியேடி!"

"லஞ்சம்னு நான் எழுதலையே..."

"வேற எப்படிப் படிப்பாங்க?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தீபாவளியன்று, வழக்கம்போல, மகளோடு வந்து நின்றாள். வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் கொடுத்த அதே தொகையை அவள் மகளுக்கென்று ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். இதோடு நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை. நீட்டினேன்.

சின்னவள் கை நீட்டுவதற்குள் தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள். "வாங்காதம்மா. ஆன்ட்டி அதையும் எழுதிடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தை மட்டும் அதை நிஜமென்று நம்பி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.