ரெண்டு வயிறு பி

பிளாஸ்டிக் சூடேறும் வாசம் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து அடுப்படிதான் ஞாபகத்துக்கு வரும். மழை தொடங்கிவிட்டால் அங்கே சுவர், பாய், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் ஈரம் பிடித்துவிடும். என் டிவி கேம் பொட்டியில் சொருகுகிற விளையாட்டுக் "கெசட்"டும் அப்படித்தான். ஈரக் கெசட்டைச் சொருகினால் டிவியில் வெறும் கோடுதான் ஓடும் என்பதால், அதை அடுப்புக்கு மேலே பிடித்துச் சூடு காட்டி, வாயால் ஊதி, அதன் பிறகுதான் சொருகுவேன். என்னை வளர்த்த அத்தைக்கு அது பொறுக்காது. "கருவாடாடி அது, சுட்டுத் திங்கிறதுக்கு?" என்பார்.

அந்தப் பொட்டி குவைத்திலிருந்து வந்தது. அம்மா அங்கே ஒரு வீட்டில் வேலை செய்தாள். வெளிநாட்டுக்குப் போன அம்மாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சாக்லேட்டையும் சென்ட் போத்தலையும் எழுதிவிட்டு, தியாகம் என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. அம்மா போனபோது எனக்குத் தலைபின்னத் தெரியாது, அத்தைக்குப் பொறுமை கிடையாது, அதனால் என் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பையன் என்று கூப்பிட்டார்கள். தியாகம் என்றால் எனக்கு அந்த மொட்டைக் கழுத்துதான்.

அடுத்த தோட்டத்துப் பெண் ஒருத்தி லீவில் வந்தபோது அம்மா கொடுத்துவிட்ட பையைக் கொண்டுவந்தாள். சவர்க்காரம், எனக்குப் பெரிதான ஒரு சுவெட்டர், அடியில் இந்தப் பொட்டி, அதோடு ஒரே ஒரு கெசட். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, எனவே ஒரு குறிப்பும் இல்லை. அப்பா பக்டரியில் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். எழுந்து வயரைச் சொருகிக் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார். நான் தனியாக உட்கார்ந்தேன். அதன் பிறகு ஏறக்குறைய எப்போதும் தனியாகத்தான் உட்கார்ந்தேன்.

விளையாட்டில் இரண்டு பேர் நடந்து போவார்கள். முன்னால் தலைவன், பின்னால் வைத்தியம் தெரிந்த ஒரு பெண். தலைவனுக்கு ஒரு பொத்தான், அவளுக்கு ஒரு பொத்தான். பள்ளம் வந்தால் இரண்டையும் சரியாக அழுத்தி இரண்டு பேரையும் தாண்டவைக்க வேண்டும். வழியில் பூதம் வந்தால் திரை மாறும், ஆளுக்கு ஒரு முறை என்று அடிப்பார்கள், யாருக்காவது அடிபட்டால் அவள் மருந்து போடுவாள். ஆட்களை வரிசைப்படுத்தும் பக்கம் ஒன்று இருந்தது. காலையில் தோட்டத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதை நாங்கள் "பெரட்டு" என்போம். அந்தப் பக்கத்துக்கும் நான் பெரட்டு என்றே பெயர் வைத்திருந்தேன். மற்ற எழுத்து எதுவும் எனக்குப் புரியாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் படிப்பிக்க வந்தவர் வந்த நாளைவிட வராத நாள் அதிகம். ஏ, பி, சி தெரியும். அதில் இரண்டு "பி" இருந்ததால், உருவத்தைப் பார்த்து ஒன்றை "ரெண்டு வயிறு பி" என்றும் மற்றதை "ஒத்த வயிறு பி" என்றும் சொல்லிப் பழகியிருந்தோம். அவ்வளவுதான் எங்கள் இங்கிலீஷ்.

அது போதுமானதாக இருந்தது. கெசட்டில் ஏற்கெனவே யாரோ பாதிவரை ஆடி, இரண்டு பேருக்கும் பெயர் வைத்திருந்தார்கள். வைத்தியக்காரியின் தலைக்கு மேலே ஏ, எம், எம், ஏ என்று இருந்தது. அம்மா. எழுத்துக் கூட்டி முடித்ததும் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். பிறகு முன்னால் போகிறவனின் பெயரைக் கூட்டினேன். ரெண்டு வயிறு பி, ஏ, ரெண்டு வயிறு பி, ஏ. பாபா.

பாபா யார் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் அழைப்பு பஜாரில் காசு கொடுத்து போன் பேசுகிற ஒரு கம்யூனிகேஷன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். கொஞ்ச நேரம் பேசுவாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "பாபா வந்துட்டாரு, வச்சிர்றேன் பாப்பா" என்பாள். அந்த வீடுகளில் எசமானை பாபா என்றும் எசமானியை மாமா என்றும் கூப்பிட வேண்டுமாம். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்களுக்கு இது பெரிய பகிடி. "பொம்பளைய மாமாங்கிறதாம், ஆம்பளைய பாபாங்கிறதாம், அப்ப வீட்டுல கெடக்கிற புருசன என்னாங்கிறது?" என்று ஒருத்தி கேட்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா காதில் விழும். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஆக, இங்கேயும் அந்த ஆள் முன்னால் நடக்கிறான், என் அம்மா பின்னால் ஓடுகிறாள், அவன் அடிபட்டால் மருந்து போடுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதிக் காட்ட முடியாது. முதல் வேலையாகப் பெரட்டுக்குப் போய் அவனை வரிசையிலிருந்து நீக்கப் பார்த்தேன். முடியவில்லை. அம்மாவை நீக்கலாம், அவனை நீக்க முடியாது. அந்த விளையாட்டின் சட்டம் அப்படி. புதிதாக வேறு ஆட்டம் தொடங்கியிருக்கலாம், ஆனால் அதில் அம்மா இருக்கமாட்டாள். எனவே அதையே ஆடினேன், என் வழியில் ஆடினேன். முள் நிறைந்த பள்ளம் வந்தால் அம்மாவின் பொத்தானை மட்டும் அழுத்துவேன். அவள் தாண்டிவிடுவாள், பாபா முள்ளில் விழுவான். உடனே அவள் திரும்பிப் போய் மருந்து போட்டு அவனை எழுப்புவாள். மறுபடியும் தள்ளுவேன். மறுபடியும் எழுப்புவாள். மழை பெய்துகொண்டிருக்கும், அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், நான் இதையே செய்துகொண்டிருப்பேன். போனில் அம்மா, "வெளாடுறியா?" என்று கேட்டால் "ம்" என்பேன். அந்தப் பெயரை வாயில் எடுக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அம்மா லீவில் வந்தாள். கறுத்து, மெலிந்து, என்னைத் தொடத் தயங்கிக்கொண்டு வந்தாள். நானும் கிட்டப் போகவில்லை. வேண்டுமென்றேதான் அவள் பார்க்கும்படி பொட்டியைப் போட்டு, பாபாவை முள்ளில் தள்ளினேன். மருந்து போட்டாள். தள்ளினேன்.

"ஏன்டி பாப்பாவ முள்ளுல தள்ளுற?" என்றாள் அம்மா.

"பாப்பாவா? இது பாபா. ரெண்டு வயிறு பி."

"என்ன வயிறோ எனக்கென்ன தெரியும்? அது நீதான்."

அந்த வீட்டுப் பையனுக்குப் புது மெஷின் வந்ததும் பழையதை இவளிடம் தள்ளிவிட்டிருக்கிறான். என்ன பெயர் போட என்று கேட்டிருக்கிறான். "முன்னால போறதுக்குப் பாப்பா, பின்னால அம்மான்னு சொன்னேன். அவன் வாயில பாபான்னுதான் வந்துச்சு. எசமான் பேரான்னு சிரிச்சான். நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன். எனக்குத் தெரிஞ்சாப் போதுந்தானே." அரபுக்காரர்களுக்கு அந்த ஒத்த வயிறு பி கிடையாது என்பது எனக்குப் பல வருசம் கழித்துத்தான் தெரிந்தது. தமிழிலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். அதனால் நாங்கள் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

"வெள்ளிக்கெழம எல்லாரும் வெளிய போயிருவாங்க. கதவ வெளியால பூட்டிட்டுத்தான் போவாங்க. நானும் பாப்பாவும் உள்ள இதுலயே நடந்துக்கிட்டு இருப்போம்" என்றாள்.

பூட்டினார்கள் என்பதை அவள் மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். எனக்கு அந்தக் குடும்பத்தின் மீது வந்த கோபம் இன்றும் குறையவில்லை, குறைக்கிற எண்ணமும் இல்லை. அந்த லீவு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம். அவள் விரலுக்கு எல்லாப் பள்ளமும் பாடம். என் பொத்தான் என்னிடம், அவள் பொத்தான் அவளிடம், ஒரே ரிமோட்டை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு உடைந்த பாலம்வரை போனோம். "போகாதீங்கம்மா" என்று நான் கேட்டது அந்தப் பாலத்தில்தான். அவள், "தாண்டு, தாண்டு" என்றாள். அடுத்த வாரம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போனில் எங்களுக்கு ஒரு பேச்சு கிடைத்தது. "பாப்பா எங்க நிக்குது?" என்று கேட்பாள். பாலத்தில் நிற்கிறது என்பேன். ஒரு மழைக்காலம் கெசட்டைச் சூடு காட்டிச் சொருகினால், திரை புதிதாகப் பெயர் கேட்டது. பழையது எதுவும் இல்லை. பாப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எத்தனை தடவை ஊதியும் பயனில்லை. நான் அன்று சோறு தின்னவில்லை; ஏன் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள். "பாலத்தத் தாண்டிட்டோம்மா" என்றேன். அவள் சிரித்தது கேட்டது. அதன் பிறகு அந்தக் கதையை நிறுத்த முடியவில்லை. தண்ணீர் வற்றினால் எங்கள் நீர்த்தேக்கத்தில் தலைகாட்டும் பழைய கோவிலுக்குள் எங்களை இறக்கினேன். பக்டரி மாடியில் பூதத்தை வைத்தேன். கொழுந்துக் கூடைமேல் கூடையாக அடுக்கி ஏறவைத்தேன். "அம்மா கூட இருக்குதா?" என்பாள். இருக்கு என்பேன். "மருந்து இருக்கா?" இருக்கு. கடைக்காரர் ஒருநாள், "தங்கச்சி, எந்த ஊர்க் கதைம்மா இது?" என்று கேட்டார். இப்படியே வருசங்கள் போயின; நான் பெரிய பெண்ணாகி, பரீட்சை எழுதி, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் போனில் பாப்பா எங்கேயாவது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அம்மா ஊரோடு வந்துவிட்டாள். முட்டியில் வலி, சர்க்கரை வேறு. அப்பா இல்லை, அத்தை இல்லை. கம்யூனிகேஷன் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். டிவியைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான், பொட்டி எப்போது எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துவிட்டு பஸ்ஸில் வருவேன். ஒரே அறையில் இருக்கிறோம், சமைக்கிறோம், அவள் மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கிறேன். பேச்சுத்தான் இல்லை. கடல் நடுவில் இருந்தபோது இருந்த பேச்சு, ஒரு அடுப்பு நடுவில் இருக்கும்போது வரவில்லை. அவள் வந்ததிலிருந்து அந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

போன மாதம் இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நானே சொன்னேன். "அந்த ஆட்டம் எப்பவோ அழிஞ்சு போச்சும்மா. நான் சொன்னது பூராப் பொய்."

"தெரியும்" என்றாள். "உள்ள ஒரு பேட்டரி இருக்குதாம், ரொம்ப நாளு தாங்காதுன்னு அந்தப் பையன் குடுக்கும்போதே சொன்னான்."

"தெரிஞ்சிருந்துமா கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வேற என்னத்தடி கேக்கச் சொல்ற? சாப்டியான்னு கேட்டா சாப்டேன்னு சொல்லிருவ. அதோட முடிஞ்சிரும்."