வேறு பிரதி

அவசியம் படிக்க வேண்டிய வாழ்க்கை வரலாறுகள் எவை என்று சென்ற ஞாயிறன்று மட்டாஞ்சேரி வாசகசாலையில் நான் உரையாற்றினேன். முதலாவதாகப் பரிந்துரைத்த நூலை இரவல் கேட்டு, வாசகசாலைச் செயலாளர் சுமதி இன்று வீட்டிற்கு வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் கை பட்டதும் நூலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் சரசரத்தது.

அந்த ஓசை என்னை எங்கள் பழைய வீட்டுக் கூடத்திற்கு இட்டுச் சென்றது. கீழ்த்தளத்துக் கிடங்கிலிருந்து சுக்கின் காரம் மாடி வரை ஏறிவரும். கண்ணாடி அலமாரியில் அப்பாவின் ஆங்கிலச் சரித்திர நூல்கள் வரிசையாக நிற்கும். "இதைப் படிக்காதவன் மனுஷனே இல்லை ஓய்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்நாளைய நூல்கள் சிலவற்றில் தாள்களின் ஓரம் வெட்டப்படாமல் சேர்ந்தே இருக்கும். படிப்பவர்தாம் கத்தியால் கீறிப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் அடுத்த வீட்டு வக்கீல் ஒரு நூலை வாங்கிப் புரட்டினார்.

"மன்னி, ஒரு கத்தி தாங்கோ. உங்காத்துக்காரர் பிரிக்காமலேயே படிச்சிருக்கார், மகா ஞானி!"

அம்மா கத்தியைக் கொண்டுவந்தாள்.

"அது வேற பிரதி. நான் படிச்சதை ஒருத்தன் கொண்டுபோயிட்டான்" என்றார் அப்பா.

அலமாரியை வாரந்தோறும் துடைத்தவன் நான்; அப்படியொரு பிரதி இருந்ததே இல்லை. கத்தி தாளைக் கீறும் சரசரப்பு ஓயும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாரே, இதோட கவர் பிரிக்கவே இல்லல்லோ?" என்றாள் சுமதி.

"இது வேறு பிரதி" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள்.