மச்சாளுக்கு நான் வைத்த பத்தியம்

என் கணவருடைய அக்காவைப் பழிவாங்க எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்க, ஊர் மெச்சும்படி செய்தேன். மெச்சியவர்கள் எதை மெச்சினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நோய் முதலில் எனக்குத்தான் வந்தது. இடது மார்பில் கட்டி. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர் சிகிச்சைக்கு வெளியூர் அலைந்தோம். எல்லாம் முடிந்து தலைமயிர் திரும்ப முளைக்கத் தொடங்கிய மாதத்தில் மச்சாள், அதுதான் கணவருடைய அக்கா, தன் ஊரான கட்டைபறிச்சானிலிருந்து ஒரு பயணப் பையோடு வந்து இறங்கினார். புருஷனை இழந்தவர். ஒரே மகன் கட்டாரில் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், வேலை நேரம் மாறி மாறி வரும். நான் வீட்டிலிருந்து பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவள். என்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவர்தான் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்.

வந்த அன்றே மச்சாள் குசினி அலுமாரியைத் திறந்தார். சீனிப் போத்தல், பால்மா, கோதுமை மா, நெய் எல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போயின. சீனிதான் அந்த நோய்க்குச் சாப்பாடு, அதைப் பட்டினி போட்டால் அது செத்துப்போகும் என்றார். கைத்தொலைபேசியில் யாரோ பேசிய காணொளியைக் காட்டினார். இறைச்சி கூடாது. முட்டை கூடாது. றால், நண்டு, கணவாய் பக்கத்திலும் வரக்கூடாது. காலையில் பாவற்காய்ச் சாறு. பிறகு அன்னமுன்னா இலை அவித்த தண்ணீர். மத்தியானம் உப்பில்லாத சிவப்பரிசிக் கஞ்சியில் வல்லாரை. பின்னேரம் அவித்த பூசணி. மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே.

கஞ்சியை நான் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு. என் கணவர் கடற்கரையிலிருந்து பாரை மீன் வாங்கிக்கொண்டு வருவார். மச்சாள் அதைத் தேங்காய்ப் பால் விட்டுச் சமைத்து, தம்பிக்குப் போட்டு, தானும் போட்டுக்கொண்டு என் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். சுகமான ஆட்கள் சாப்பிடலாம்தானே என்பார். நான் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தால் வாசலில் மறித்து, என்ன தின்றேன் என்று மணந்து பார்ப்பார்.

"வாயை ஊதும் பாப்பம்," என்பார்.

நாற்பத்தாறு வயதில் நான் வாயை ஊதிக் காட்டினேன். ஒரு தடவை தையலுக்கு வந்த இரண்டு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றரை வருஷத்தில் நான் களவாகச் சாப்பிட்டது ஒரு தடவைதான். பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு உம்மா, முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு கிண்ணம் தந்தார். வேலியடியில் நின்றபடியே விரலால் வழித்துச் சாப்பிட்டேன். அந்த ருசியில் எனக்குக் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தால் மச்சாள் குசினி வாசலில் நின்றார். பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வருஷம் வெட்டின தழும்பின் ஓரத்தில் ஒரு பயறளவு கட்டி தட்டுப்பட்டது. திரும்ப வந்துவிட்டது என்றார்கள்.

அந்தக் கிழமை உறவுக்காரர் வீட்டில் பெரிய பிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. போக மனமில்லாமல்தான் போனேன். பெண்கள் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மச்சாள் எதிர் வரிசையில். யாரோ என் வருத்தத்தை, திரும்பி வந்த நோயை, விசாரித்தார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்னம் மச்சாள் பதில் சொன்னார்.

"ஒண்டரை வருஷம் கண்ணுக்குள்ள எண்ணெய் விட்டுப் பாத்தனான். களவா இனிப்புத் திண்டா. இப்ப திரும்பி வந்திட்டுது. நான் என்ன செய்யிறது?"

வரிசை முழுவதும் முதலில் என்னைப் பார்த்தது, பிறகு என் இலையைப் பார்த்தது. இலையில் பாயாசம் ஊற்றியிருந்தார்கள். நான் எழுந்து கை கழுவினேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, அந்த வட்டிலப்பத்தை ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவுக்காக இன்றுவரை அவரை நான் முழுக்க மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். அதிகம் சிரிக்காதவர், ஆனால் கேட்டால் முழுதாகப் பதில் சொல்வார். நான் கேட்டேன், ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தால் இது திரும்பி வருமா என்று. அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திரும்பி வந்ததுக்கு உங்கட நாக்கைக் குற்றம் சொல்ல ஏலாது," என்றார்.

பிறகு விளக்கிச் சொன்னார். உடம்பு பெருக்காமல் பார்க்க வேண்டும், நடக்க வேண்டும், மரக்கறி, பருப்பு, மீன் நன்றாகச் சாப்பிட வேண்டும், குடிப்பழக்கம் கூடாது. இதெல்லாம் திரும்பி வருகிற வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஒரு சாப்பாடு அதைக் கொண்டுவராது, ஒரு இலை அதை விரட்டாது. ஆனால் மருந்து ஏற்றுகிற நேரத்தில் பட்டினி கிடந்தால் உடம்பு மருந்தைத் தாங்காது, அதுதான் ஆபத்து என்றார். முட்டை சாப்பிடச் சொன்னார்.

அதைக் கணவருக்குச் சொன்னேன். தலையாட்டினார். மச்சாளுக்குச் சொல்லவில்லை. அவர் வயல் வெட்டு, அறுவடை என்று ஊருக்குத் திரும்பியிருந்தார். நான் முட்டையும் மீனும் சாப்பிட்டு இரண்டாம் சுற்று மருந்தைத் தாங்கினேன். கட்டி அடங்கியது. தினமும் குளிசை விழுங்கிக்கொண்டு இருக்கிறேன், இன்றைக்கும்.

இரண்டு வருஷம் கழித்து மச்சாளுக்கு வந்தது. கருப்பையில். இரத்தம் போனதை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்திருக்கிறார். வெட்டி எடுத்த பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மகனுக்கு லீவு இல்லை. யார் போய் நிற்பது என்று என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

நான் போகிறேன் என்றேன். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உன்னைப் போல ஒரு மனுசி யாருக்குக் கிடைக்கும் என்றார். நான் பையில் அன்னமுன்னா இலையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கிண்ணியாப் பாலங்களைத் தாண்டி மூதூர் வழியாகக் கட்டைபறிச்சானுக்குப் பஸ்ஸில் போனேன். மச்சாளுடைய வீடு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு கட்டியது, ஒரு பக்கச் சுவர் இன்னும் பூசப்படவில்லை. பின்வளவில் ஏழெட்டுக் கோழிகள். போன அன்றே அவருடைய குசினியைத் திறந்தேன். சீனியை அயலுக்குக் கொடுத்தேன். பால்மாவையும் கொடுத்தேன். முட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கச் சந்திக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பாவற்காய்ச் சாற்றை நீட்டினேன்.

"குடியுங்கோ மச்சாள். நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் நான் செய்யிறன்."

அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

நான் சூடை மீன் வாங்கித் தேங்காய்ப் பால் விட்டுச் சொதி வைத்து அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். முள்ளை ஆற அமர எடுத்தேன். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அத்தனை மாதம் நான் விழுங்கிய உப்பில்லாத கஞ்சியெல்லாம் அந்தச் சொதியில் கரைந்தது. அவர் அயல் வீட்டுக்குப் போய்வந்தபோது வாசலில் மறித்தேன்.

"வாயை ஊதுங்கோ மச்சாள்."

ஊதினார். முகத்தில் கூச்சமில்லை, கோபமில்லை. வாயை நன்றாகத் திறந்து, நாக்கையும் நீட்டிக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. நான் குனிந்த இடத்தில் அவர் குனியவில்லை. இது பத்தியத்தில் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறார். பார்க்க வந்த சனம் கூடப்பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றது. மச்சாள் ஓம் ஓம் என்று தலையாட்டினார். எனக்கு இன்னும் கோபம் ஏறியது. கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினேன்.

மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம், கஞ்சிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தன் புருஷனைப் பற்றிக் கதைத்தார். ஈரலில் வருத்தம் வந்து செத்துப்போனவர். கடைசி மாதங்களில் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்பாராம். கோழிப் பொரியல், பால்ரொட்டி, இனிப்புச் சோடா. மச்சாள் ஒன்றுக்கும் மறுக்கவில்லையாம்.

"கேட்டதெல்லாம் தின்னக் குடுத்து நான்தான் அவரைச் சாகக் குடுத்தனான். உம்மையெண்டாலும் காப்பாத்துவம் எண்டுதான் அண்டைக்கு வந்தனான்."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இரக்கம் வந்தது. பிறகு கேட்டேன், அப்படியென்றால் சாமத்திய வீட்டில் அத்தனை பேருக்கு முன்னால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

அவர் யோசிக்கவேயில்லை. "சொல்லாட்டி நான் பாத்தது பிழை எண்டெல்லோ சனம் கதைக்கும்," என்றார்.

எழும்பிப் போய் அடுப்படியில் நின்றேன். தன் பெயரைக் காப்பாற்ற என் தலையில் போட்டிருக்கிறார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னம் வந்த இரக்கம் வந்த வழியே போனது. அன்று பின்னேரம் பூசணியையும் பாதியாக்கினேன்.

மூன்றாம் முறை மருந்து ஏற்ற, நான் காட்டுகிற கிளினிக்குக்கே மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனேன். நிறை பார்த்த தாதி இரண்டாம் தரம் ஏறி நிற்கச் சொன்னார். இரத்தமும் குறைந்திருந்தது. இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது என்று உள்ளே அனுப்பினார்கள். உள்ளே அதே டொக்டர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மச்சாள் ஒவ்வொன்றாகச் சொன்னார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ எனக்கு ஒரு குறையும் விடேல்ல டொக்டர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். என் பழைய கிளினிக் பதிவை எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, முகம் ஞாபகம் இருந்தது.

"உங்களுக்கு நான் இதெல்லாம் விளங்கப்படுத்திச் சொன்னனான் எல்லோ?"

"ஓம் டொக்டர்," என்றேன்.

அவர் மச்சாளிடம் திரும்பி முட்டை, மீன், பருப்பு, பால் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். இலைத் தண்ணீரை இன்றோடு நிறுத்தச் சொன்னார். இரண்டு கிழமையில் நிறை ஏறாவிட்டால் வார்டில் மறித்துப் படுக்க வைப்போம் என்றார். ஆளைக் கொல்ல நான் போகவில்லை. நான் குனிந்ததை அவரும் குனிந்து பார்க்கட்டும் என்றுதான் போனேன். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெளியே நீண்ட மர வாங்கில் மச்சாளை உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் எனக்கு முன்னமே சொன்னதை. நான் அதை மறைத்ததை. ஏன் மறைத்தேன் என்பதை. சாமத்திய வீட்டு வரிசையை. மச்சாள் துண்டைக் கையில் மடித்து விரித்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அப்ப, என்ர மனுசனும் நான் குடுத்த சாப்பாட்டால சாகேல்லையோ?" என்று கேட்டார்.

அந்த மனுசன் இருபது வருஷம் குடித்தவர் என்பது ஊருக்கே தெரியும். கடைசி மாதங்களில் கொடுத்த கோழிப் பொரியல் ஒருவரையும் கொல்லாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அதை வாய்வரை கொண்டுவந்தேன். அப்போது எதிர் வரிசையிலிருந்து என் இலையைப் பார்த்த முகங்கள் ஞாபகம் வந்தன.

"எனக்குத் தெரியாது மச்சாள். டொக்டரைக் கேளுங்கோ."

அவர் எழுந்து போய்க் கேட்கவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து முட்டை அவித்தேன், மீன் காய்ச்சினேன், பருப்பில் நெய் விட்டேன். முதல் முட்டையை அவர் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பயந்துகொண்டு தின்றார். நிறை ஏறியது. மருந்தை ஏற்றி முடித்தார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்கிறார்கள். எனக்கும் அதே கிளினிக். நாள் ஒன்றாக விழுந்தால் முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்குவார். சமைத்துப் போடுவேன். சாப்பிடுவார். என் கணவர் எங்கள் இருவரையும் பார்த்து நிம்மதியாகச் சிரிப்பார்.

கட்டைபறிச்சானில் இப்போதும் கதை என்னவென்றால், நான் கொடுத்த இலைத் தண்ணீராலும் கஞ்சியாலும்தான் மச்சாள் எழும்பினாராம். வருத்தக்காரர் வீட்டிலிருந்து என்னிடம் அளவு கேட்டு ஆட்கள் பேசுகிறார்கள். டொக்டர் சொன்னதை நான் திருப்பிச் சொல்கிறேன். நம்புகிறார்களோ தெரியாது. மச்சாள் அந்தக் கதையை மறுத்ததாக நான் கேள்விப்படவில்லை. எனக்கு ஏன் திரும்பி வந்தது என்று சொன்னதையும் எந்தச் சபையிலும் மாற்றிச் சொல்லவில்லை.

போன தடவை கிளினிக்கில் என் முறை முடிந்து வெளியே காத்திருந்தேன். மச்சாள் வழமையைவிட நெடுநேரம் உள்ளே இருந்தார். வந்தபோது கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார். தன் புருஷனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. என்ன பதில் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.